மீள்திறன் எங்கே இருக்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன் மதுரைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி ஆண்டுவிழாவுக்குப் போயிருந்தேன். பத்தாம் வகுப்புத் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கிய மாணவியை மேடைக்கு அழைத்தார்கள். இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் பிள்ளை என்று அறிவித்ததும் கைதட்டல் இரண்டு மடங்கானது. பரிசு கொடுத்தவர் மைக்கை வாங்கிக்கொண்டு, "எதையும் தாங்கும் இதயம் என்பார்களே, அது இவர்களுக்குத்தான் இருக்கிறது. பத்துக்குப் பத்து அறையில் இருந்துகொண்டு இவள் படிக்கவில்லையா? உங்களுக்கு என்ன குறை?" என்று எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகளைக் கேட்டார். அந்தப் பெண் கேடயத்தை மார்போடு அணைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பேசியவர் நல்ல மனதோடுதான் பேசினார். ஆனாலும் அந்தப் பாராட்டு எனக்கு உறுத்தியது. பத்துக்குப் பத்து அறையில் ஒரு குடும்பமே வாழ்வது கொடுமை என்ற இடத்தில் தொடங்கிய பேச்சு, அப்படி வாழ்ந்தும் படிக்க முடிகிறதே என்று வியந்து, அந்த அறையைப் பற்றி யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டது.

அவர் புகழ்ந்த குணத்துக்கு ஆய்வுலகம் வைத்திருக்கும் பெயர் மீள்திறன். வெள்ளம் வடிந்த மறுநாளும், கொரோனா ஊரடங்கு முடிந்தபோதும் நாளிதழ்களில் இந்தச் சொல்லைப் பார்த்திருப்பீர்கள். அலுவலகப் பயிற்சி வகுப்புகளிலும் இது அடிபடுகிறது. பெரும்பாலும் நெஞ்சுரம், பொறுமை, மனத்திடம் என்ற பொருளில்தான் இதைப் பயன்படுத்துகிறோம். போரையும் இடப்பெயர்வையும் அனுபவித்த மக்களிடையே பல ஆண்டுகள் வேலை செய்த மானிடவியலாளர்கள் சொல்லும் மீள்திறன் வேறு. அந்த வேறுபாட்டைப் புதிதாக வாசிப்பவருக்கும் புரியும்படி சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ரப்பர் பட்டை

பூக்கடையில் பொட்டலத்தைக் கட்டும் ரப்பர் பட்டையை இழுத்து விடுங்கள். பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். பொருள்களைச் சோதிக்கும் பொறியாளர்கள் மீள்திறன் என்று முதலில் சொன்னது இதைத்தான். அழுத்தம் நீங்கியதும் பழைய நிலைக்குத் திரும்பும் இயல்பு. காற்றுக்கு வளைந்து, பின் நிமிரும் நாணலும் நமக்குத் தெரிந்த உவமைதான்.

மனிதர்களுக்கு இந்த உவமை ஓரளவுதான் பொருந்தும். காய்ச்சலில் பத்து நாள் படுத்தவர் எழுந்து வேலைக்குப் போவதை இப்படிச் சொல்லலாம். 1990இல் தலைமன்னாரிலிருந்து படகில் வந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் திருமங்கலம் அருகே உச்சப்பட்டி முகாமில் வாழும் ஒருவர் எந்தப் பழைய நிலைக்குத் திரும்புவார்? வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. விட்டு வந்த ஊரில் இருந்தவர்களில் பாதிப்பேர் இல்லை. அவருக்கே வயதாகிவிட்டது. நாணல் நிமிரும் என்றால் அதன் வேர் அதே மண்ணில் இருக்க வேண்டும். இவரைப் பிடுங்கி வேறிடத்தில் போட்டிருக்கிறார்கள்.

கண்மாய்

ஆகவே வேறு உவமை தேவைப்படுகிறது. மதுரைக்காரர்கள் அதற்காகத் தூரம் போக வேண்டியதில்லை.

மேலூரிலோ உசிலம்பட்டியிலோ ஒரு கண்மாய்க் கரையில் நின்று பாருங்கள். கோடையில் வெடித்துக் கிடக்கிறது. ஆடு மேய்கிறது, பையன்கள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். ஐப்பசியில் மழை பிடித்ததும் நிரம்புகிறது. இந்தக் கண்மாய்க்கு மீள்திறன் உண்டு என்று சொல்வோமானால், அந்தத் திறன் அதன் எந்தப் பகுதியில் இருக்கிறது? கரையில் என்று சொல்லத் தோன்றும். கரை எவ்வளவு பலமாக இருந்தாலும், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்கால் அடைபட்டால் தண்ணீர் வராது. மேலே இருக்கும் கண்மாய் நிரம்பி, மிகுதி நீர் வழியும் கலிங்கு வழியாக மறுகால் பாய்ந்தால்தான் கீழே இருக்கும் கண்மாய்க்கு நீர். இடையில் ஒருவர் வாய்க்காலை மறித்து வீட்டுமனை போட்டுவிட்டால் கீழே நான்கு ஊர் காயும். ஊரார் சேர்ந்து கண்மாயைப் பராமரிக்கும் குடிமராமத்து நடக்கிறதா, மடையைத் திறந்து நீரைப் பங்கிட ஆள் இருக்கிறாரா, அவர் சொல்லை ஊர் கேட்கிறதா என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, திறன் ஒரு கண்மாய்க்குள் அடங்கியதில்லை. கண்மாய்களை இணைக்கும் சங்கிலியிலும், அந்தச் சங்கிலியைப் பார்த்துக்கொள்ளும் மனிதர்களிடமும் அது பரவிக் கிடக்கிறது. காய்ந்த கண்மாயைப் பார்த்து "உன் கரைக்கு உறுதி போதாது" என்று யாரும் சொல்வதில்லை. மனிதர்களிடம் மட்டும் சொல்கிறோம்.

கனடாவின் சூழலியலாளர் சி. எஸ். ஹோலிங் 1973இல் காடுகளையும் ஏரிகளையும் வைத்து ஏறத்தாழ இதே திசையில் சிந்தித்தார். ஓர் அமைப்பு அடி வாங்கியபின் எவ்வளவு வேகமாகப் பழையபடி ஆகிறது என்று அளப்பது ஒன்று. எவ்வளவு அடியை உள்வாங்கி, தன்னை மாற்றிக்கொண்டாவது தொடர்ந்து இயங்குகிறது என்று பார்ப்பது வேறொன்று. இந்த இரண்டாவதைத்தான் அவர் மீள்திறன் என்றார்.

மனிதர்களை வைத்து நடந்த பழைய ஆய்வு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடிப்பழக்கம் எனப் பல பாரங்களை ஒருசேரச் சுமந்த பிள்ளைகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடி வளர்ந்து ஆளானார்கள். அவர்கள் வாழ்வில் திரும்பத் திரும்பத் தென்பட்டது, அவர்களை நிபந்தனையின்றி ஏற்று அக்கறை காட்டிய ஒரு பெரியவராவது இருந்தார் என்பது. அது பாட்டியாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். மீள்திறன் என்பது கடும் துன்பத்துக்கு நடுவிலும், துன்பத்துக்குப் பின்னும், வாழ்வைத் தொடரவும் மாற்றிக்கொள்ளவும் உதவும் வளங்களைத் தேடி அடையும் வழிமுறை. அதில் தனிமனிதரின் முயற்சிக்கு இடம் உண்டு. அந்த முயற்சிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்களுக்கும் அதே அளவு இடம் உண்டு.

அகதி என்பவர் யார்?

பேச்சுவழக்கில் ஊரைவிட்டு வந்த எவரையும் அகதி என்கிறோம். "கதி" என்றால் புகலிடம், போக்கிடம். அது இல்லாதவர் அகதி. சொல்லுக்குள்ளேயே ஒரு பரிதாபம் ஒட்டிக்கொண்டிருப்பதால், அதைச் சுமப்பவர்களுக்கு அது வசையாகவே கேட்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு முகாம்களின் பெயரை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியது நல்ல காரியம் என்று நான் நினைக்கிறேன்.

சட்டத்தில் இந்தச் சொல்லுக்கு வரையறை உண்டு. 1951ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கைப்படி, இனம், மதம், நாட்டுரிமை, சமூகப் பிரிவு, அரசியல் கருத்து ஆகியவற்றில் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தால் தன் நாட்டுக்கு வெளியே இருப்பவர், அந்த நாட்டின் பாதுகாப்பைப் பெற முடியாதவர், அகதி ஆகிறார். எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும் என்பது இதில் முக்கியம். இலங்கையின் வடக்கே வன்னிக்குள்ளேயே ஊர் ஊராக ஓடியவர்கள் உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர். வேலை தேடித் திருப்பூருக்கு வந்த பீகார் இளைஞர் புலம்பெயர் தொழிலாளர். இந்தியா 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை.

1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு இலங்கையிலிருந்து தமிழர்கள் கடல் கடந்து வரத் தொடங்கினார்கள். 1990இலும், 1990களின் நடுவிலும், 2006இலும் அடுத்தடுத்த அலைகள் வந்தன. 2021இல் அரசு தந்த கணக்கில் முகாம்களில் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 58,000 பேர், வெளியே பதிவுசெய்து வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 34,000 பேர். மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் ஆகிய இடங்களில் முகாம்கள் இருக்கின்றன.

இவர்கள் எல்லோரும் ஒரே கதையோடு வந்தவர்களும் இல்லை. யாழ்ப்பாணத்து விவசாயி, மன்னார் மீனவர், மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்குப் போய், அங்கிருந்தும் விரட்டப்பட்டவர் என்று பல வகை. கடைசியாகச் சொன்னவரின் பாட்டனார் மதுரை, இராமநாதபுரம், திருச்சிப் பக்கத்திலிருந்து இலங்கைக்குப் போனவராக இருக்கலாம். படகில் வந்தவர்களை முதலில் நிறுத்திப் பதிவுசெய்யும் முகாம், இராமேசுவரத்துக்கு முன்னால் மண்டபம் என்ற கடற்கரை ஊரில் இருக்கிறது. அது, ஆங்கிலேயர் காலத்தில் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த அதே முகாம். பாட்டன் போன வாசலிலேயே பேரன் அகதியாக வந்து வரிசையில் நின்றிருக்கிறான்.

மானிடவியலாளர் செய்யும் வேலை

மானிடவியல் என்றால் ஆதிவாசிகளைப் பற்றிய படிப்பு என்று ஒரு நினைப்பு பரவலாக இருக்கிறது. உண்மையில் அது மனிதர்கள் சேர்ந்து வாழும் முறைகளை, அவர்களுக்கு நடுவில் இருந்தே புரிந்துகொள்ளும் படிப்பு. லூயி டூமோன் என்ற பிரெஞ்சு அறிஞர் 1949, 1950ஆம் ஆண்டுகளில் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி, உறவுமுறைகளையும் கோயில் வழிபாட்டையும் ஆராய்ந்தார். யார் யாருக்கு மாமன், சீர் யார் செய்ய வேண்டும், எந்தக் கோயிலுக்கு யார் பங்காளி என்பவையெல்லாம் அவருக்குப் பாடங்கள். இப்படி மக்களோடு நெடுநாள் தங்கிப் பார்ப்பதும், கேட்பதும், எழுதுவதுமான வேலையைக் களப்பணி என்பார்கள்.

அகதிகள், மீள்திறன், அமைதி என்ற மூன்றையும் இணைத்து ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் கேத்தரின் பான்டர்-பிரிக். இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்திலும் பின்னர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியரானவர். அவர் நேராகப் போர்க்களத்துக்குப் போகவில்லை. தொடக்கத்தில் நேபாள மலைக்கிராமங்களில் தாமாங் இனப் பெண்களின் உழைப்பையும், கைக்குழந்தையோடு அவர்கள் அந்த உழைப்பை எப்படிச் செய்கிறார்கள் என்பதையும் அளந்தார். பிறகு காட்மாண்டுவில் தெருவில் வாழும் சிறுவர்களை ஆராய்ந்த குழுவில் இருந்தார்.

அந்தச் சிறுவர்களை ஆராய்ந்தபோது எதிர்பாராத ஒன்று தெரியவந்தது. தெருவில் வாழ்ந்த சிறுவர்களின் உடல்வளர்ச்சி, அவர்கள் விட்டுவந்த கிராமங்களில் இருந்த சிறுவர்களைவிட மோசமாக இருக்கவில்லை. தெரு நல்லது என்று இதற்குப் பொருளில்லை. பரிதாபப்பட்டு ஊகிப்பதை விட்டு, ஒப்பிட்டு அளந்து பார்க்க வேண்டும் என்று மானிடவியல் கற்றுக்கொண்டது. கிராமத்து வறுமை கண்ணுக்குத் தெரியாமல் செய்யும் கெடுதலும் அப்போதுதான் கணக்கில் வந்தது.

பிடித்து நிறுத்தும் கயிறு

அவருடைய ஆப்கானிஸ்தான் ஆய்வுதான் மீள்திறனைப் பற்றி எனக்கு அதிகம் கற்றுத்தந்தது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

2006இல் அவரும் ஆப்கானியரை உள்ளடக்கிய அவருடைய குழுவினரும் பள்ளிகள் வழியாக 11 முதல் 16 வயது வரையிலான 1,011 பிள்ளைகளையும், அவர்களை வளர்க்கும் பெரியவர்களையும் சந்தித்தார்கள். குடும்பங்களில் பல, அண்டை நாடுகளில் அகதியாக வாழ்ந்து திரும்பியவை. உன் வாழ்க்கையில் உன்னை மிகவும் பாதித்தது எது என்று கேட்டபோது, எல்லாப் பிள்ளைகளும் குண்டுவீச்சைச் சொல்லவில்லை. வீட்டில் வாங்கிய கடுமையான அடி, விபத்து, நெருங்கியவரின் சாவு ஆகியவையும் பட்டியலில் இருந்தன. போர் முடிந்தால் குழந்தையின் துன்பம் முடிந்துவிடும் என்ற கணக்கு அங்கேயே உடைந்தது. ஓராண்டு கழித்துக் காபூலில் அதே பிள்ளைகள் சிலரை மறுபடி தேடிப்போய்ச் சந்தித்தார்கள். ஒருவரையே காலம் விட்டு மறுபடி ஆராய்வதைத் தொடர்நிலை ஆய்வு என்பார்கள். அகதிகளிடையே இது மிகவும் கடினம், ஏனென்றால் முகவரி நிலைப்பதில்லை.

உங்களைத் தாங்கி நிறுத்துவது எது என்று கேட்டபோது அந்த மக்கள் சொன்ன விழுமியங்கள் இவை: இறைநம்பிக்கை, குடும்ப ஒற்றுமை, சேவை, விடாமுயற்சி, ஒழுக்கம், மானம். நம் ஊரில் கேட்டாலும் ஏறத்தாழ இதே பட்டியல் வரும் என்றே நினைக்கிறேன். இந்த விழுமியங்கள் வாழ்வுக்கு அர்த்தம் கொடுத்தன, நாளைக்கு நல்லது நடக்கும் என்ற நம்பிக்கையைக் கொடுத்தன.

அதே விழுமியங்கள் சிலரைப் பொறிக்குள்ளும் தள்ளின. குடும்ப ஒற்றுமைக்காக அடிக்கும் கணவனோடு இருந்தாக வேண்டும். குடும்ப மானத்துக்காகப் படிப்பை நிறுத்திவிட்டுத் திருமணத்துக்குத் தலையாட்ட வேண்டும். நன்றாகப் படித்து முன்னுக்கு வர வேண்டும் என்று ஊரே எதிர்பார்க்கும்போது, அதற்கான பணமும் வேலையும் இல்லாத நாட்டில், படிக்க முடியாமல் போன பையன் தன்னையே வெறுத்துக்கொள்கிறான். நாட்டின் பொருளாதாரம் உடைந்து கிடப்பதே எல்லாத் துயரத்துக்கும் வேர் என்று மக்களே சொன்னார்கள்.

கிணற்றில் விழுந்தவரை மேலே பிடித்து நிறுத்தும் கயிறு இடுப்பில் இறுகுவதை நினைத்துப் பாருங்கள். அறுத்துவிட்டால் மூழ்கிவிடுவார். அறுக்காமலே இருந்தால் மூச்சு முட்டும். மேலே வர ஓர் ஏணி கிடைத்தால்தான் கயிற்றைத் தளர்த்த முடியும். பண்பாடு காப்பாற்றும் என்று மட்டும் பேசுபவர்களும், பண்பாடே பிரச்சினை என்று மட்டும் பேசுபவர்களும் அந்தக் கயிற்றின் ஒரு பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

ஆகவே மீள்திறன் முழுக்க நல்லதுமில்லை, இலவசமும் இல்லை. அதற்கு விலை உண்டு, பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் மூத்த பிள்ளைகளும் அந்த விலையைக் கொடுக்கிறார்கள்.

முடியில் எழுதிய கணக்கு

மனதில் இருப்பதை எப்படி அளப்பது? வினாத்தாள் கொடுத்தால் பிள்ளைகள் நல்ல பெயர் வாங்குவதற்காகவே பதில் சொல்லிவிடலாமே? நியாயமான சந்தேகம்.

சிரியாப் போரிலிருந்து தப்பி ஜோர்டானுக்கு வந்த இளைஞர்களிடையே பான்டர்-பிரிக்கும், ஜோர்டான் விஞ்ஞானி ரானா தஜானியும், மற்றவர்களும் சேர்ந்து செய்த ஆய்வில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கார்ட்டிசால் என்பது நெருக்கடியின்போது உடலில் சுரக்கும் ஹார்மோன். வளரும் முடியில் அது படிந்துகொண்டே போகும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், சில சென்டிமீட்டர் முடியை வெட்டிச் சோதித்தால் கடந்த சில மாதங்களில் உடல் பட்ட பாடு தெரியும். மரத்தின் ஆண்டு வளையத்தைப் பார்த்து மழை பொய்த்த வருடத்தைச் சொல்வது போன்றது.

எட்டு வாரத் திட்டம் ஒன்றில் சிரிய அகதி இளைஞர்களும் உள்ளூர் ஜோர்டானிய இளைஞர்களும் ஒன்றாகக் கூடி விளையாட்டு, கைத்தொழில், கணினி போன்றவற்றில் ஈடுபட்டார்கள். திட்டத்தில் சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் ஒப்பிட்டபோது, சேர்ந்தவர்களிடம் பாதுகாப்பற்ற உணர்வு குறைந்திருந்தது. கார்ட்டிசால் மிகுந்திருந்தவர்களுக்கு அது இறங்கியது. நெடுங்கால நெருக்கடியில் சுரப்பே அடங்கிப்போயிருந்தவர்களுக்கு ஏறியது. உடம்பு சமநிலையை நோக்கி நகர்ந்தது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மீள்திறனை அளக்கும் வினாத்தாளை அவர்கள் அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்துவிடவில்லை. முதலில் இளைஞர்களோடு குழுவாக உட்கார்ந்து, உங்கள் பேச்சில் இதற்கு என்ன சொல் என்று கேட்டு, அதன்பிறகே அரபியில் அமைத்தார்கள். அகதிகளிடமும் உள்ளூராரிடமும் மீள்திறனின் அளவு ஏறத்தாழ ஒன்றுபோல் இருந்தது, ஆனால் அது ஊறும் இடங்கள் வேறுவேறாக இருந்தன. தமிழிலும் "நான் மீள்திறன் உள்ளவன்" என்று யாரும் பேசுவதில்லை. சமாளிக்கிறோம், தாக்குப்பிடிக்கிறோம், காலத்தைத் தள்ளுகிறோம் என்கிறோம். இவை மூன்றும் ஒன்றுபோல் தோன்றினாலும் ஒன்றல்ல. காலத்தைத் தள்ளுகிறவர் நாளையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டவர்.

ஒரு தாய், இரண்டு பிள்ளைகள்

வரத்துக்கால் என்று முன்பு சொன்னேனே, அதில் மிகப் பெரியது சட்டம். ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம்.

1984இல் ஒரு குடும்பம் இலங்கையிலிருந்து வந்து தமிழ்நாட்டு முகாமில் தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 1986இல் ஒரு மகள் பிறக்கிறாள். 1989இல் ஒரு மகன் பிறக்கிறான். ஒரே தாய், ஒரே அறை, ஒரே பள்ளிக்கூடம். இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின்படி 1950 ஜனவரி 26 முதல், 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். சட்டத்தின் எழுத்துப்படி மகளுக்குக் குடியுரிமை உண்டு, மகனுக்கு இல்லை. 2019இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த சில மதத்தினரைத்தான் சொல்கிறது. இலங்கையிலிருந்து வந்தவர்கள் அதில் இல்லை.

இருவரும் பொறியியல் படித்துவிட்டார்கள் என்று வையுங்கள். தன் உரிமையை நிலைநாட்டிக்கொண்டால், மகள் அரசுத் தேர்வு எழுதலாம், பாஸ்போர்ட் வாங்கலாம், வாக்களிக்கலாம். மகன் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. அவன் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறான். முகாம் இளைஞர்கள் ஏராளமானோர் செய்யும் வேலை அது. சாரத்தில் நின்று நாள் முழுக்க வெயிலில் உழைக்கிறான். பத்தாண்டு கழித்து யாராவது வந்து இருவரையும் அருகருகே நிறுத்தி, அக்காவுக்கு மீள்திறன் அதிகம், தம்பிக்குக் குறைவு என்று எழுதினால் அது எவ்வளவு பெரிய பொய்! அவர்களிடையே வேறுபடுவது ஒரே ஒரு தேதி.

இதனால்தான் மீள்திறனைத் தனிமனித குணமாகப் பேசுவது எனக்குக் கோபம் மூட்டுகிறது. பேசுகிறவர் அறியாமலே, வாய்க்காலை மறித்தவருக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிடுகிறார்.

துப்பாக்கிச் சத்தம் நின்ற பிறகு

அமைதி என்ற சொல்லும் இப்படித்தான் தேய்ந்துபோயிருக்கிறது. பங்காளிகள் இரண்டு பேர் பாகத் தகராறில் பத்து வருடமாகப் பேசுவதில்லை. கைகலப்பும் இல்லை. அந்த வீட்டில் அமைதி நிலவுகிறது என்று சொல்வோமா? அமைதி ஆய்வின் முன்னோடியான நார்வேயின் யோஹான் கால்டுங் இதை இரண்டாகப் பிரித்தார். நேரடி வன்முறை இல்லாத நிலை எதிர்மறை அமைதி. நீதியும் சமவாய்ப்பும் உறவும் இருக்கும் நிலை நேர்மறை அமைதி.

இலங்கையில் 2009 மே மாதம் போர் முடிந்தது. சிலர் திரும்பிப் போனார்கள். பெரும்பாலோர் போகவில்லை. போர்தான் முடிந்துவிட்டதே, ஏன் இன்னும் இங்கே இருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் எதிர்மறை அமைதியை மட்டும் அமைதி என்று எண்ணிக் கேட்கிறார்கள். திரும்பிப் போக நிலம் வேண்டும், வீடு வேண்டும், பிழைப்பு வேண்டும், காணாமல்போனவர்களைப் பற்றிப் பதில் வேண்டும். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, மதுரைத் தமிழ் பேசும் பிள்ளைக்கு அது திரும்பிப் போவதுமில்லை, முதன்முறையாகப் போவது.

குழந்தை வளரும் வீட்டுக்கும் நாட்டின் அமைதிக்கும் என்ன தொடர்பு என்பதையும் பான்டர்-பிரிக் போன்றவர்கள் ஆராய்கிறார்கள். வீட்டு வருமானம் நின்று, தந்தை குடிக்கத் தொடங்கி, தாய் அடிவாங்கி, பிள்ளை அதைப் பார்த்து வளர்வதும் போரின் நீட்சிதான் என்ற புரிதலில் அந்த ஆய்வுகள் நிற்கின்றன. அங்கே ஒரு குடும்பத்துக்கு நிலையான கூலி கிடைக்கச் செய்வதும் அமைதிப் பணியில் சேரும்.

கேட்க வேண்டிய கேள்வி

மதுரைப் பக்கத்தில் நடும் மல்லிகைக் கன்றுகளில் பெருவாரியானவை இராமேசுவரத்துக்கு அருகே தங்கச்சிமடத்திலிருந்து வருகின்றன. மண்டபத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். செம்மண்ணில் குழியெடுத்து, எரு வைத்து, தண்ணீர் பார்த்து, வருடம் தவறாமல் கவாத்து செய்தால் பூக்கின்றன. பூக்கவில்லை என்றால் விவசாயி மண்ணையும் தண்ணீரையும் சோதிப்பார். அதே வழியில் வந்த மனிதர்களைப் பற்றியும் அப்படிக் கேட்கலாம்: இவர்களுக்கு என்ன மண் கொடுத்தோம்?

மானிடவியலாளர் முகாமுக்குப் போனால் "எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று தொடங்குவதில்லை. அந்தக் கேள்விக்கு "ஏதோ ஓடுகிறது" என்ற பதில் தயாராக இருக்கும். அவர் சின்னக் கேள்விகளாகக் கேட்பார். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் குழந்தைக்கு வலிப்பு வந்தால் யார் கதவைத் தட்டுவீர்கள்? மருத்துவமனையில் முன்பணம் கேட்டால் யாரிடம் ஓடுவீர்கள்? கல்லூரியில் சேர எந்தத் தாளைக் கேட்டார்கள், அதற்கு எத்தனை முறை அலைந்தீர்கள்? அலைந்த நாளின் கூலி எவ்வளவு? பதில்களை ஒரு தாளில் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் வரைந்தால், ஒரு குடும்பத்தின் வரத்துக்கால்கள் எவை, எது எங்கே அடைபட்டிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். இதற்கு உறவுவலை வரைபடம் என்று பெயர்.

ஆண்டுவிழா முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு, கேடயம் வாங்கிய அந்தப் பெண்ணைப் பேருந்து நிறுத்தத்தில் தற்செயலாகப் பார்த்தேன். தாயும் கூட இருந்தார். பேசிக்கொண்டிருந்தபோது, அவசரம் என்றால் யாரையெல்லாம் கூப்பிடுவாய் என்று கேட்டேன். அவள் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். பக்கத்து வீட்டு அத்தை, எதிர்வீட்டு மாமா, மாலையில் பாடம் சொல்லித்தரும் அக்கா, ஆட்டோ ஓட்டும் சித்தப்பா என்று எட்டுப் பெயர்கள் வந்தன. எட்டுப் பேருமே உடனே வருவார்கள் என்றாள். அதில் அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை.

அந்த எட்டுப் பேரில் முகாமுக்கு வெளியே இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். அவள் தாயைப் பார்த்தாள். தாய் சற்று யோசித்துவிட்டு, கணக்கு டீச்சர் ஒருவர்தான் என்றார்.